கும்மியை மறவாத கைகள்

பெற்ற மகளின் பெயர் நினைவில் இல்லை. காலையில் உண்டதும் நினைவில் இல்லை. ஆயினும் கும்மிப்பாட்டு காதில் விழுந்தால் கைகள் தாமாகவே தட்டத் தொடங்கிவிடும். டிமென்ஷியா எனும் மறதிநோய் கண்ட முதியோரிடம் இதைக் காணும் குடும்பத்தினர், நோய் குணமாகிவிட்டதென்று மகிழ்வதும் பின்னர் மனமுடைவதும் உண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. அல்சைமர் நோய், அண்மை நிகழ்வுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பல்லாண்டுப் பழக்கத்தால் ஊறிய அசைவுகளைக் காக்கும் சிறுமூளை முதலிய பகுதிகள் நெடுநாள் ஓரளவு தப்பி நிற்கின்றன. அந்த வாயில் இன்னும் அடைபடவில்லை.

ஆடலை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி மரியன் சேஸ். 1942-இல் வாஷிங்டனில் மனநோயாளரிடையே பணியைத் தொடங்கினார். ஹாங்காங்கில் தொடக்கநிலை மறதிநோய் கண்ட 204 முதியோரிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. வாரம் இருமுறையாக 12 வாரங்கள் நடன அசைவுச் சிகிச்சை பெற்றோரிடம் மனச்சோர்வும் தனிமையுணர்வும் குறைந்தன. வெறும் உடற்பயிற்சி செய்தோரிடம் அப்பயன் தென்படவில்லை. இழந்த நினைவு மீளும் என்று நாம் யாருக்கும் வாக்களிக்க இயலாது. தனிமை குறைவதே சிறிய பேறன்று.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நம் பெரம்பலூர், அரியலூர் ஊர்ப்புறங்களில் எளிதில் கிடைப்பதில்லை. அவர் செய்வதனைத்தையும் வீட்டில் செய்ய இயலாதெனினும் சிறிதளவு இயலும். கைப்பிடியுள்ள நாற்காலியில் பெரியவரை அமர்த்தித் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். எதிரே அமர்ந்து, "ஆடுங்க" என்று ஏவாமல், நீங்களே தாளமிடத் தொடங்குங்கள். அவர் கை எழும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் போதும். ஆடவர் கும்மியடிப்பாரோ என்ற ஐயம் வேண்டாம்; ஒயிலாட்டமும் பறையும் அறிந்தோர் பலர். ஆட்டமே அறியாதவருக்கும் முறத்தில் புடைத்தல், பருத்தி பறித்தல், நாற்று நடுதல், சின்ன வெங்காயம் ஆய்தல் ஆகியவை உடலில் இருக்கும். அவ்வசைவுகளும் ஆடலே.

சில பாடல்கள் பழைய துயரைக் கிளறும். கண் கலங்கினால் உடனே அடக்காமல் கையைப் பற்றியிருங்கள். முகம் சுருங்கினாலோ கையை இழுத்துக்கொண்டாலோ நிறுத்திவிடுங்கள். தலைச்சுற்றல், நெஞ்சுவலி, அண்மையில் விழுந்த காயம் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் இன்னொரு தாளும் கொண்டுவாருங்கள்: பெரியவர் இளமையில் எந்த ஊர்த் திருவிழாவில் என்ன ஆடினார், வயலில் என்ன பாடினார் என்று உறவினரிடம் கேட்டு எழுதிய தாள்.