பாதுகாப்புத் தொழில்நுட்பமும் புத்தொழில் நிறுவனங்களும்

பாதுகாப்புக் கருவிகளை உருவாக்க முனையும் சிறு நிறுவனம் பிற தொழில்களில் இல்லாத இடர் ஒன்றை ஏற்கிறது. அதன் பொருளை உள்நாட்டில் வாங்கக்கூடியவர் பெரும்பாலும் அரசு ஒன்றே. ஆய்வுக்கும் சோதனைக்கும் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே வங்கிகளும் தனியார் முதலீட்டாளரும் தயங்குவது இயல்பேயாகும்.

இக்குறையைப் போக்கும் நோக்குடன், 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடைபெற்ற பாதுகாப்புக் கண்காட்சியில் 'ஐடெக்ஸ்' திட்டம் தொடங்கப்பட்டது. முப்படைகள் தம் தேவையை ஒரு சிக்கலாக முன்வைக்கும். தீர்வு கூறும் நிறுவனங்களிலிருந்து தகுதியானவை தேர்ந்தெடுக்கப்படும். முன்மாதிரி உருவாக்க 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு. நிறுவனமும் இணையான பங்கைச் செலுத்த வேண்டும். பணி முன்னேறும் அளவுக்கேற்பவே தவணைகள் விடுவிக்கப்படும். பின்னர் வந்த 'ஐடெக்ஸ் பிரைம்' பிரிவில் இவ்வரம்பு 10 கோடியாகவும், 2024 மார்ச்சில் தொடங்கிய 'அதிதி' திட்டத்தில் 25 கோடியாகவும் உயர்ந்தது. அதிதிக்கு 2023-24 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கென 750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

எனினும், மானியம் முன்மாதிரியோடு நின்றுவிடும். அதன்பின் கள ஆய்வும் கொள்முதல் ஆணையும் தாமதமாகுமாயின், தன் பங்கை முன்னரே செலவிட்டுவிட்ட நிறுவனம் மாதந்தோறும் ஊதியம் வழங்கவும் இயலாது தளரும். தேர்ந்த பொறியாளர்கள் விலகுவர். மானியமாகச் சென்ற பொதுப்பணமும் பயனற்றுப் போகும். 2020ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை இத்தகைய பொருள்களை வாங்க வழிவகுத்துள்ளது. அவ்வழியில் கோப்புகள் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதைப் பொறுத்தே இத்திட்டங்களின் பயன் அமையும். வழங்கிய மானியத்தொகையைக் காட்டிலும், படைகளின் பயன்பாட்டிற்கு வந்த கருவிகளின் எண்ணிக்கையே சரியான அளவுகோல் எனலாம்.