அளவு சொன்ன புத்தகம்

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. புதுமணப் பெண்களுக்குப் பரிசாகத் தரும் நூலாக அது நிலைத்ததற்கு அவருடைய கைமணம் மட்டும் காரணமல்ல. படிப்பவருக்கு அடுப்படியே புதிது என்று எண்ணி எழுதியதுதான் பெரிய காரணம். தினமும் வைக்கும் சாம்பாருக்கும் ரசத்துக்கும்கூடப் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, எதை முதலில் போடுவது என்று வரிசையாகச் சொன்னார். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்வரை கண்ணளவு போதும். பம்பாய்க்கும் டெல்லிக்கும் வேலைக்காகக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு அந்தக் கண்ணளவைத் தபாலில் அனுப்ப முடியாதே!

கைப்பக்குவம் ஏட்டில் வராது என்பார்கள். உண்மைதான், சென்னை வெயிலில் இட்லி மாவு புளிக்கும் நேரம் வேறு, ஊட்டிக் குளிரில் வேறு. ஆனால் கூட்டவோ குறைக்கவோ முதலில் ஓர் அளவு கையில் இருக்க வேண்டும். அதைத் தருவதுதான் தொடக்க நூலின் வேலை. தேர்ச்சி பழக்கத்தில் வரும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிராமண வீட்டுச் சைவச் சமையலே தமிழ்ச் சமையல் என்ற எண்ணத்தை இத்தகைய நூல்கள் வளர்த்துவிட்டன என்பது. அதில் நியாயம் இருக்கிறது. அதற்காக அளவு சொல்வதைக் குறை சொல்வதில் பயனில்லை. நாஞ்சில் நாட்டு மீன் குழம்புக்குத் தேங்காய் எந்தப் பதத்தில் அரைபட வேண்டும், கொங்கு நாட்டுக் கோழிக் குழம்புக்கு மல்லி எவ்வளவு வறுபட வேண்டும் என்பதையும் இதே பொறுமையோடு நிறையப் பேர் எழுதியாக வேண்டும்.