டிசைனருக்கு எழுதும் தாள்

கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக மாற்றியவர், வலைத்தளம் செய்ய சென்னையில் ஒரு டிசைனரைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கிராண்டா இருக்கணும் தம்பி, அரண்மனை மாதிரி" என்கிறார். அவர் மனதில் இருப்பது அதே ஊரில் 1912-இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மாளிகை. டிசைனர் மனதில் இருப்பது ராஜஸ்தான் ஓட்டல். சில வாரங்களில் கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்து மினுங்கும் ஒரு பக்கம் வந்து சேரும். திருத்தச் சொன்னால் கூடுதல் பணம் கேட்பார். கேட்பதும் நியாயம்தான், சொன்னதைத்தானே செய்திருக்கிறார்.

வலைத்தளத் தொழிலில் 'பிரீஃப்' என்று ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் உரிமையாளர் டிசைனருக்கு எழுதித் தரும் குறிப்புத் தாள். இரண்டு மூன்று பக்கம் போதும். பலர் அதில் நிறத்தையும் எழுத்து வடிவத்தையும் எழுதுகிறார்கள். அது டிசைனர் படித்துவிட்டு வந்த வேலை. அவருக்கு எந்தப் படிப்பிலும் கிடைக்காதது உங்கள் தொழிலைப் பற்றிய தகவல். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், எதைச் சொன்னால் முன்பணம் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் வரவேற்பு மேசைத் தொலைபேசிக்குத்தான் தெரியும். ஒரு வாரம் வரும் அழைப்புகளை நோட்டில் குறித்தாலே தாளின் பாதி எழுதியாகிவிடும்.

செட்டிநாட்டு ஊர்கள் சில 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. கானாடுகாத்தானும் அவற்றில் ஒன்று. இங்கே வரும் வெளிநாட்டவருக்கு முதல் கேள்வி, எப்படி வருவது என்பதுதான். செட்டிநாடு என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. காரைக்குடியில் இறங்கினால் கார் அனுப்புவீர்களா? சென்னையிலிருந்து வரும் குடும்பத்துக்குக் கவலை வேறு. ஆச்சிக்கு முழங்கால் வலி; திண்ணைக்கு எத்தனை படி, வாசற்படி எவ்வளவு உயரம், தரைத்தளத்தில் மேற்கத்தியக் கழிவறை உண்டா? சினிமாக் கம்பெனி மேனேஜருக்கு அறையைப் பற்றி அக்கறையே இல்லை. ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கும், வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், கேமரா கிரேன் நுழையுமா என்று கேட்பார். இந்த மூவரில் உங்களுக்குச் சோறு போடுபவர் யார் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். "எல்லாருக்கும்தான்" என்று எழுதினால் டிசைனர் எதை மேலே வைப்பார், எதைக் கீழே தள்ளுவார்?

இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீடு பெரும்பாலும் ஒருவருடையது அல்ல, பங்காளிகளுடையது. முகப்பில் தொங்கும் முன்னோர் படங்களை உலகமே பார்க்க வைப்பதற்கு எல்லோரும் சம்மதித்தார்களா? சாமி அறையைப் படம் எடுக்கலாமா? எடுக்கக்கூடாத இடங்களைப் புகைப்படக்காரர் வருமுன்பே தாளில் குறித்துவிட்டால், பிறகு கோலாலம்பூரில் இருக்கும் பங்காளியிடமிருந்து கோபமான தொலைபேசி வராது.

அடுத்தது தமிழ். என்னைக் கேட்டால், தாளில் மிக விரிவாக எழுத வேண்டிய பகுதி இதுதான். டிசைனர்கள் மாதிரிப் பக்கத்தை 'லோரம் இப்சம்' என்ற லத்தீன் வெற்றுச் சொற்களால் நிரப்பிக் காட்டுவார்கள், கி.மு. 45-இல் சிசரோ எழுதிய நூலைச் சிதைத்து உருவானவை அவை. குட்டிக் குட்டிச் சொற்கள், கட்டத்துக்குள் அழகாக உட்காரும். அந்த இடத்தில் 'முன்பதிவு செய்ய' என்று போட்டதும் பொத்தான் உடைந்து இரண்டு வரியாகும். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அகலப்படுத்துவது இப்போதைய நாகரிகம். தமிழில் அப்படிச் செய்தால் 'கொ'வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நிற்கக்கூடும். வரிகளுக்கிடையே இடம் குறைந்தால் மேல்வரியின் 'ழு', 'ணூ' கீழ்வரியின் சுழிகளில் இடிக்கும். ஆகவே மாதிரிப் பக்கத்தையே உண்மையான தமிழ் வாசகத்தால் நிரப்பித் தரும்படி எழுதிவிடுங்கள்.

அந்த வாசகம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அச்சகத்திலிருந்து, முன்பு அடித்த நோட்டீஸிலிருந்து. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் வில்லங்கம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் கோவைதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. வலைத்தளத்தில் ஒட்டினால் போர்வை விலகி, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசைகட்டும். தேடுபொறிக்கும் அதில் தமிழ் தெரியாது. 1991-இல், உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது, 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓயவில்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

பக்கத்து ஆத்தங்குடியில் கல் விற்பவர் இதே தாளை எழுதினால் அது வேறு தாளாக இருக்கும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடி தந்த வழவழப்பு முகத்தில் தங்கிவிடுகிறது. கைவேலை என்பதால் ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் நிறம் சற்று மாறும். கைப்பேசித் திரையோ எல்லாச் சிவப்பையும் இன்னும் சிவப்பாக்கிவிடும். ஆகவே படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், நிறம் மாறக்கூடும் என்ற வரி விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாதிரிக் கல் கேட்க ஒரு பொத்தான் வேண்டும் என்பவை அவர் தாளில் வரும். ஊறிக் காய நாளாகும் என்பதால், கிரகப்பிரவேசத் தேதியைக் கேட்கும் ஒரு கட்டமும் வேண்டும். செட்டிநாட்டின் கண்டாங்கிச் சேலை விற்பவர், அந்தச் சேலைக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் முத்திரையைப் பயன்படுத்தத் தமக்கு அனுமதி உண்டா என்று தெரிந்துகொண்டு எழுதட்டும்.

கடைசிப் பக்கம் சுவையற்றது, ஆனால் சண்டைகள் பிறப்பது அங்கேதான். தள முகவரி யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகிறது? டிசைனர் தம் பெயரில் பதிந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கும் நாளில் உங்கள் முகவரி உங்கள் கையில் இருக்காது. உங்கள் பெயரில் பதிய வேண்டும், கடவுச்சொற்களை ஒப்படைத்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று எழுதுங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதையும் சேருங்கள். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி இரண்டு அறையை மூடினால், அன்றைக்கே வலைத்தளத்தில் அந்த அறைகளை நிறுத்திவைக்கத் தெரிந்த ஆள் ஊரிலேயே வேண்டும். அவர் யார் என்பதையும், அவருக்கு டிசைனர் எத்தனை மணி நேரம் சொல்லித் தருவார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.