நன்கொடையும் இணையச் சட்டமும்

அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல்களில் நிறுவனங்கள் வேட்பாளருக்கு நேரடியாக நன்கொடை தரச் சட்டம் தடை விதிக்கிறது. ஆயினும் ஊழியர்களிடமும் பங்குதாரர்களிடமும் திரட்டிய பணத்தை வழங்கும் ‘அரசியல் செயற்குழு’ ஒன்றை அவை நடத்தலாம், அது ஒரு வேட்பாளருக்குத் தேர்தல் ஒன்றுக்கு 5,000 டாலர் வரை கொடுக்கலாம். இந்தப் பணம் பெரும்பாலும் ஏற்கெனவே இசைந்த கருத்துடையோரையே நாடிச் செல்வதால், வாக்கு விலைக்கு வாங்கப்பட்டது என்று மெய்ப்பிப்பது கடினம். ஆனால் மசோதாவின் வாசகம் உருவாகும் நாடாளுமன்றக் குழு நிலையில், யாருடைய குரல் முதலில் செவியேறுகிறது என்பதை அது தீர்மானிக்கிறது என்பதே கவலைக்குரியது.

இந்தக் கவலையை ஓர் இணைய மசோதா வெளிக்காட்டியது. திருட்டுப் படங்களையும் பாடல்களையும் தரும் வெளிநாட்டுத் தளங்களைத் தேடுபொறிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் கைவிட வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட வழிவகுத்த ‘சோபா’ மசோதாவை, 2011 அக்டோபரில் உறுப்பினர் லாமர் ஸ்மித் பிரதிநிதிகள் அவையில் கொண்டுவந்தார். ஹாலிவுட் அதை ஆதரித்தது, கூகுள் போன்ற நிறுவனங்கள் எதிர்த்தன. இரு தரப்புமே நன்கொடையாளர்கள்தாம். 2012 ஜனவரி 18 அன்று எதிர்ப்புத் தெரிவித்து ஆங்கில விக்கிப்பீடியா தன் பக்கங்களை இருட்டடிப்புச் செய்தது. கூகுளின் எதிர்ப்பு மனுவில் 70 இலட்சம் பேர் கையொப்பமிட, மார்கோ ரூபியோ உள்ளிட்ட சில செனட்டர்கள் செனட்டின் இணை மசோதாவான ‘பிபா’வுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டனர்.

அப்போது திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவராயிருந்த முன்னாள் செனட்டர் கிறிஸ் டாட், தங்கள் பதவிக்கு ஆபத்து வரும்போது காசோலை கேட்போர் திரைத்துறைக்கு ஆபத்து வரும்போது முகம் திருப்பக் கூடாது என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். நன்கொடையின் எதிர்பார்ப்பு இவ்வளவு வெளிப்படையாக ஒலிப்பது அரிது. ஜனவரி 20 அன்று இரு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. அவை பிறகு வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.