நாற்றைப் பறிப்பது யார்?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை ஒட்டிய டீக்கடையில், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தம்பி ஒருவன் தொப்பியைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தான். சிப்காட்டில் வேலை, வயது இருபத்தாறு. பார்த்துப் பழக்கம்தான். போனை என் பக்கம் திருப்பினான். ‘ஒரே நாளில் 5,000 கிராஃப்ட், வட்டியில்லா இ.எம்.ஐ., இந்த வாரம் மட்டும்’ என்று ஒரு முடிநடவு விளம்பரம்.

“நம்பிப் போலாமாண்ணே? சித்திரையில பொண்ணு பாக்கப் போறாங்க.”

அப்போது தை மாதம். சித்திரைக் கணக்கு உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நட்ட முடி சில வாரங்களில் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் மட்டும் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் புது முடி எட்டிப் பார்க்கும். முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். தையில் நட்டால் சித்திரையில் இப்போது இருப்பதைவிட மோசமாகக்கூட இருக்கலாம். தேதி சொல்லி முடி தருகிற இடத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

ஹெல்மெட்டால்தான் கொட்டியது, போர் தண்ணி உப்பால்தான் கொட்டியது என்று சிப்காட் முழுக்க ஒரு பேச்சு உண்டு. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகி உடையலாம், வேர் போகாது. நெற்றி ஏறுவதும் உச்சியில் சொட்டை விழுவதும் பெரும்பாலும் பரம்பரை. ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற பொருள் அந்த இடத்து வேர்களைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடுகிறது. பின்மண்டையிலும் காதோரமும் இருக்கும் வேர்களை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. அந்த முடியை எடுத்து முன்னால் வைத்தாலும் அது தன் குணத்தை விடுவதில்லை. இதை 1959இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் எழுதிக் காட்டினார். இன்றைய முடிநடவுத் தொழில் மொத்தமும் அதன்மேல்தான் நிற்கிறது.

பொன்னேரிப் பக்கம் ரயிலில் போகும்போது நடவு பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவார்கள். இதுவும் அதேதான், ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே பறித்த இடத்தில் மறுபடி விதைக்க முடியாது. ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் பலருக்கும் பின்மண்டையிலிருந்து சில ஆயிரம் கிராஃப்டுகள்தான் எடுக்க முடியும். அதை இருபத்தாறு வயதில் ஒரே நாளில் வாரிவிட்டால், நாற்பதில் சொட்டை பின்னால் நகரும்போது எடுக்க எதுவும் மிஞ்சாது. முன்னால் ஒரு தீவு, நடுவில் பொட்டல், பின்னால் பறித்த தழும்பு. ‘உங்க வயசுக்கு அவசரம் வேணாம், ஒரு வருஷம் மருந்து போட்டுப் பார்ப்போம்’ என்று திருப்பி அனுப்புகிற டாக்டர்மேல் எனக்கு மரியாதை அதிகம், வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் அல்லவா?

சிலருக்கு நடவே கூடாது. புழுவெட்டு என்று நாம் சொல்லும் வட்டச் சொட்டைக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே காரணம். நட்டாலும் அதுவும் விழலாம். டெங்கு, டைபாய்டுக்குப் பிறகு கொட்டுவது பெரும்பாலும் தானாகவே திரும்பும். தைராய்டும் ரத்தசோகையும் முடியை உதிர்க்கும். அதனால் முதல் நடை கிளினிக்குக்கு வேண்டாம். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டிவிட்டு வந்தால், விற்பதற்கு ஒன்றும் இல்லாத ஒருவரின் வாயால் விஷயம் தெரிந்துவிடும்.

தம்பிக்கு இதெல்லாம் பாதிதான் ஏறியது. “ரூம்ல ஒருத்தன் பண்ணிக்கிட்டான்ணே, நல்லாத்தான் இருக்கு” என்றான். அப்போதுதான் 2016இல் நடந்ததைச் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் போய் நிற்பது மூர் மார்க்கெட்டில். எதிரே சாலையைத் தாண்டினால் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே இறுதியாண்டு படித்த 22 வயது மாணவர் ஒருவர், 2016 மே மாதம் சென்னையில் ஒரு மையத்தில் முடி நடப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு உடல்நிலை மோசமாகி, வேலூர் சி.எம்.சி.யில் இரண்டொரு நாளில் இறந்தார். அந்த மையத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் உரிமம் மட்டுமே என்று அப்போது செய்தி வந்தது. மயக்க மருந்து டாக்டர் பாதியில் கிளம்பிப் போனார் என்பது குற்றச்சாட்டு. டாக்டராகப் போகிறவருக்கே இப்படி என்றால், விளம்பரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற நமக்கு என்ன கதி?

முடி நடும்போது உயிர் எப்படிப் போகும் என்று கேட்டான். மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போடுவார்கள். அட்ரினலின் கலந்து போட்டாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் பொதுவான உச்சவரம்பு. அறுபது கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 21 மில்லி. தலை முழுக்க நாளெல்லாம் வேலை நடக்கும்போது ‘வலிக்குது’ என்றதும் இன்னொரு ஊசி, மறுபடி இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தால், அளவு தாண்டியதும் வலிப்பு வரும், இதயம் நிற்கும். சிலருக்கு மருந்தே ஒவ்வாமல் போகும். மும்பையில் 2019இல் ஒரே மூச்சில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முடிகளை நட்டுக்கொண்ட தொழிலதிபர் ஒருவர் இறந்தார். கான்பூரில் முடி நட்டுக்கொண்ட இரண்டு பொறியாளர்கள் இறந்த விவகாரத்தில் 2025இல் பல் மருத்துவர் ஒருவர்மேல் வழக்குப் பதிவானது.

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் முடிநடவுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கில் உட்கார்ந்து பார்த்ததோ யூடியூபில் பார்த்ததோ பயிற்சி ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. முறையாகப் பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜன், தோல் மருத்துவர் போன்றவர்களுக்கான வேலை இது. நடைமுறையில் பல இடங்களில் டாக்டர் முகம் காட்டிவிட்டுப் போய்விடுவார். பறிப்பது, துளை போடுவது, நடுவது எல்லாம் டெக்னீஷியன் கையில். உதவியாளர் கூட இருப்பதில் தவறில்லை. நான் கேட்கச் சொல்வது, கத்தி பிடிப்பது யார் என்பதைத்தான்.

டாக்டரின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் ஆன்லைனில் தேடுங்கள். ‘டாக்டர் டீம்’ என்ற பதில் பதிலே அல்ல. கிளினிக்குக்கும் தனிப் பதிவு வேண்டும். 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018இல்தான் விதிகள் வந்தன. மாவட்ட இணை இயக்குநர் அலுவலகம் வழியாகத் தரும் அந்தச் சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். உயிர்காக்கும் கருவிகளும் ஆக்சிஜனும் எங்கே, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு என்று கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது. சர்க்கரை, ரத்தம், இ.சி.ஜி. எதுவும் பார்க்காமல் தேதி குறிக்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம். விலையைக் கிராஃப்டுக்குச் சொல்கிறார்களா முடிக்குச் சொல்கிறார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், 2,000 கிராஃப்டை 5,000 முடி என்று விற்கிற கடைகள் உண்டு. சினிமா நடிகர் படத்துக்கு நான் ஐந்து பைசா மதிப்பு தரமாட்டேன்.

தம்பி அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டான். எடுத்த பெண் குரல் ஆஃபரில் ஆரம்பித்தது.

“மேடம், டாக்டர் பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் சொல்லுங்க. காலைல இருந்து முடியிறவரைக்கும் அவர் இருப்பாரா?”

சற்று நேரம் சத்தமில்லை. “சீனியர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார். இன்னைக்கு அட்வான்ஸ் போட்டாத்தான் ஆஃபர் கிடைக்கும்.”

தொப்பியை ஒருமுறை கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டான். “திருவள்ளூர் ஓ.பி. எத்தனை மணிக்குண்ணே?”