முதுகில் ஏறிய அடுக்களை

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி. குடிக்க ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. 1895 மார்ச் மாதம் நார்வே நாட்டு ஆய்வாளர் ஃப்ரிட்யோஃப் நான்சனும் அவருடைய தோழர் யால்மர் யோஹான்சனும் ‘ஃப்ராம்’ கப்பலை விட்டு இறங்கி, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுடன் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டபோது அவர்களின் நிலை இதுதான். தாகம் எடுத்தால் பனியை உருக்க வேண்டும். உருக்குவதற்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளைக் கூடுதலாக ஏற்றினால் அந்த எடைக்கு உணவைக் குறைக்க வேண்டும்.

அவர்கள் எடுத்துப்போனது சுமார் 20 லிட்டர் மண்ணெண்ணெய். அது ஏறத்தாழ 120 நாளுக்கு வந்தது என்று நான்சன் எழுதியிருக்கிறார். தினமும் இரண்டு வேளை சூடான சாப்பாடு, குடிக்கத் தாராளமாகத் தண்ணீர். வகுத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 170 மில்லிலிட்டர்கூட இல்லை. ஒரு டம்ளர் மண்ணெண்ணெய்தான்.

முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் இன்று விற்கும் அடுக்கு அடுக்கான சமையல் செட்டுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு டம்ளர் கணக்கைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அடுப்பு, பாத்திரம், மூடி, காற்றுத் தடுப்பு, எரிபொருள் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும்படி செய்திருப்பது பையில் இடத்தை மிச்சப்படுத்த மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த அமைப்பு அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது: வெப்பத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது.

ஒரு கிலோ பனியின் விலை

மைனஸ் 30 டிகிரி குளிரில் கிடக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 63 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 0 டிகிரிப் பனியை 0 டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல். அதன்பின் கொதிநிலைக்குக் கொண்டுபோக 419 கிலோஜூல். நடுவில் உள்ள 334-ஐக் கவனியுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், பனி தண்ணீராக மாறுவதற்கு மட்டும் ஆகும் செலவு அது. நம் வீட்டில் 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவேதான்.

மொத்தம் கிலோவுக்கு 816 கிலோஜூல். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் 35 மெகாஜூல் வெப்பம் வரும். நான்சனின் ஒரு நாள் பங்கில் 5.8 மெகாஜூல். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் அதைக் கொண்டு 7 லிட்டர் கொதிநீர் எடுக்கலாம். பாதி வீணானால் மூன்றரை லிட்டர். உணவு, பானம், மறுநாள் வழிக்குக் குடிநீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே நான்சன் அடுப்பைவிட அதன்மேல் வைக்கும் பாத்திரத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தார்.

அவருடைய சமையல் கலத்தில் நடுவே உணவு வேகும் பானை. அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், அதில் பனிக்கட்டி. இரண்டுக்கும் மேலே தட்டையான மூன்றாவது பாத்திரம், அதிலும் பனி. அனைத்தையும் மூடி ஒரு கூடு. தீயிலிருந்து எழும் சூடான வாயு முதலில் நடுப்பானையின் அடியைத் தொடும். பிறகு பானைக்கும் வளையத்துக்கும் இடையே ஏறி, மேல்பாத்திரத்தின் அடியை வருடி, கூட்டுக்குள்ளேயே வளையத்தின் வெளிப்புறமாகக் கீழிறங்கித்தான் வெளியேற முடியும். போகும் வழியெல்லாம் வெப்பத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகும். எரிபொருளின் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் பயன்பட்டதாக நான்சன் கணக்குக் கொடுத்தார். நம் வீட்டு கேஸ் அடுப்புக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் அதன் அருமை விளங்கும். டிபன் கேரியரில் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்து தீயைப் பங்கு போட்டுக்கொண்டன.

திரியில்லாத தீ

அந்தக் கலத்தின் அடியில் எரிந்தது பிரைமஸ் ஸ்டவ். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-ல் உருவாக்கியது. தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு ‘புஸ்’ஸென்று இரைந்துகொண்டிருந்த பித்தளை பம்ப் ஸ்டவ் இதே வம்சம்தான். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் காய்ந்ததும் பம்ப் அடிப்பதை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். அடைத்துக்கொண்டால் குத்திவிட ஒரு ஸ்டவ் பின் பக்கத்திலேயே இருக்கும்.

ஸ்பிரிட் எதற்கு? மண்ணெண்ணெய் திரவமாக எரிந்தால் மஞ்சள் சுடரும் கரியும் வரும். பர்னர் குழாய் நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் அதற்குள் ஏறினால் அங்கேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி ஊசித்துளை வழியாகச் சீறும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு நன்றாகக் கலந்து நீலச் சுடராக எரியும். ஒருமுறை பற்றிக்கொண்டால் அந்தச் சுடரே குழாயைச் சூடாக வைத்திருக்கும். 1911-ல் தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் குழுவும் பிரைமஸைத்தான் நம்பிப் போனது. கடுங்குளிர் மலைகளுக்குப் போகிறவர்கள் இன்றும் எடுத்துச்செல்லும் திரவ எரிபொருள் அடுப்புகள் வேலை செய்வது இதே தத்துவத்தில்தான்.

காற்றை வேலைக்கு அமர்த்தியவர்கள்

வெட்டவெளிச் சமையலின் முதல் எதிரி காற்று. அது சுடரை ஒரு பக்கமாகச் சாய்க்கும்; பாத்திரத்தின் அடியில் தவழ வேண்டிய சூடான வாயுவை அள்ளிக்கொண்டு போகும்; பாத்திரத்தின் பக்கங்களையும் குளிர வைக்கும். வீட்டுக்குள் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் தண்ணீர் மலைமுகட்டில் கொதிக்காமலே போவதுண்டு.

சுவீடனின் யெம்ட்லாந்து வட்டாரத்தில் ட்ரோங்ஸ்விக்கன் என்ற சிற்றூரில் 1925-ல் தொடங்கிய பாத்திரக் கம்பெனி ட்ரங்கியா. அது 1951-ல் கொண்டுவந்த ‘புயல் அடுப்பு’ காற்றைத் தடுத்ததோடு நிற்காமல் அதை வேலையும் வாங்கியது. இந்தச் செட்டில் அடித்தட்டாக ஒரு அலுமினிய வளையம். அதில் ஒரு பக்கம் மட்டும் துளைகள். அதன் நடுவே உள்ளங்கையில் அடங்கும் பித்தளை ஸ்பிரிட் பர்னர். மேலே இன்னொரு வளையம்; பாத்திரம் அதற்குள் பாதி மூழ்கி உட்காரும். துளையுள்ள பக்கத்தைக் காற்றடிக்கும் திசைக்குத் திருப்பி வைத்தால், காற்று கீழே நுழைந்து பர்னரை ஊதி, சூடான வாயுவைப் பாத்திரத்தின் பக்கங்களில் ஏற்றிவிடும். காற்று கூடினால் தீயும் கூடும்.

பர்னரில் பம்பும் இல்லை, வால்வும் இல்லை. இரட்டைச் சுவர் கொண்ட பித்தளைக் கிண்ணம். ஸ்பிரிட் காய்ந்ததும் சுவர்களுக்கு இடையில் ஆவி சேர்ந்து விளிம்பின் சிறு துளைகள் வழியே சுடராக வரும். பழுதாக எதுவுமில்லை. குறையும் உண்டு. ஸ்பிரிட்டின் ஆற்றல் கிலோவுக்கு சுமார் 27 மெகாஜூல், மண்ணெண்ணெய்க்கு 43. நீண்ட பயணமென்றால் அந்த வித்தியாசத்தை முதுகுதான் சுமக்க வேண்டும். இன்னொன்று, வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றப்போய்த் தீக்காயம் பட்டவர்கள் உண்டு. பர்னர் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

கேனுக்குள் நடக்கும் குளிர்

இன்று பெரும்பாலோர் வாங்குவது கேஸ் கேனில் திருகும் அடுப்பு. கேனுக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு. அது ஆவியானால்தான் அடுப்பு எரியும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7-ல், புரோப்பேன் மைனஸ் 42-ல். உறைநிலைக்குக் கீழே போனால் வெறும் பியூட்டேன் கேன் முழுசாக இருந்தும் எரியாது. புரோப்பேன் மட்டும் அடைத்தால் அதன் அழுத்தத்தை மெல்லிய கேன் தாங்காது. அதனால் கலந்து அடைக்கிறார்கள்.

இங்கே ஒரு விந்தை. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைக் கேனின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எனவே எரிய எரியக் கேன் குளிர்ந்துகொண்டே போகும், வெளியே வியர்க்கும், சில சமயம் உறைபனியே படியும். கலவையில் புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேற, கடைசியில் மிஞ்சுவது பியூட்டேன். குளிரில் கேன் தீரும் கட்டத்தில் சுடர் சோர்ந்துபோவது இதனால்தான். இதற்காகக் கேனை நெருப்பில் காட்டுவதோ, கேனையும் சேர்த்துச் சுற்றிக் காற்றுத் தடுப்பு வைப்பதோ கூடாது. சிக்கிய வெப்பம் கேனைச் சூடாக்கி வெடிக்க வைக்கும். தடுப்பு பர்னருக்கும் பாத்திரத்துக்கும்தான், கேனுக்கு அல்ல.

கேனின் வாயும் ஒரே மாதிரி இருக்காது. திருகு வகை, சொருகு வகை, நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் நீண்ட கேன் வகை என்று ஒன்றுக்கொன்று பொருந்தாதவை உண்டு. விமானத்தில் கேஸ் கேனை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஆகவே போகும் ஊரில் எந்தக் கேன் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு அடுப்பு வாங்குவதே முறை.

2000-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து ‘ஜெட்பாய்ல்’ என்ற செட் வந்தது. பர்னர் பாத்திரத்தோடு பூட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் அடியில் மடிப்பு மடிப்பான உலோகத் தகட்டு வளையம். பக்கவாட்டில் தப்பி ஓடும் சூடான வாயு அந்த மடிப்புகளுக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். வெப்பம் ஏற இடப்பரப்பு கூடுகிறது. நான்சன் மூன்று பாத்திரங்களை வைத்துச் செய்ததை இவர்கள் ஒரு வளையத்தில் செய்தார்கள்.

எந்தப் பாத்திரம்?

டைட்டானியம் விலை உயர்ந்தது, எடை குறைந்தது, எனவே சிறந்தது என்று கடைக்காரர் சொல்வார். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் அதைவிடப் பத்து மடங்கு மேல். டைட்டானியம் வலுவானது என்பதால் மிக மெல்லியதாக அடித்து எடையைக் குறைக்கிறார்கள். தண்ணீர் கொதிக்க அது போதும். தண்ணீர் தானாகவே சுழன்று வெப்பத்தைப் பரப்பிக்கொள்ளும். பொங்கலோ உப்புமாவோ அப்படிச் சுழலாது. சுடர் படும் வட்டத்தில் மட்டும் அடிப்பிடித்து, ஓரம் வேகாமல் கிடக்கும். சமைக்க நினைப்பவருக்கு அலுமினியமே மேல். அதிலும் கடின அனோடைஸ் செய்தது. வெற்று அலுமினியத்தைப் புளி அரிக்கும். அனோடைஸ் செய்த ஆக்சைடுப் படலம் அதைத் தடுத்து நிற்கும். எவர்சில்வர் அடிபட்டாலும் தாங்கும். ஆனால் கனம், வெப்பக் கடத்தலும் குறைவு.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 5,364 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் அடிவார முகாமில் 82, 83 டிகிரிதான். அங்கே எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது, பருப்பு வேகாது. இமயமலைக் குழுக்கள் எடையைப் பொருட்படுத்தாமல் பிரஷர் குக்கர் சுமந்து செல்வதன் காரணம் இதுதான்.

வாங்கும் வரிசை

முதலில் என்ன சமைக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் போதும் என்கிற உணவென்றால் ஜெட்பாய்ல் போல பர்னரோடு பூட்டிக்கொள்ளும் பாத்திர வகை சிறந்தது. சோறு பொங்கிக் குழம்பு வைப்பவருக்கு அகலமான அடி, தீயைத் தணிக்க வசதி, பாத்திரம் சாயாத தாங்கி வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பாத்திரம் ஒன்றும், வாணலியாகவும் பயன்படும் மூடி ஒன்றும் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் போதும். கேன் அந்தப் பாத்திரத்துக்குள் அடங்குகிறதா, அடுப்பின் கால்கள் அதன் அடிக்குப் பொருந்துகின்றனவா, இடுக்கி இறுகப் பிடிக்கிறதா என்று கடையிலேயே பூட்டிப் பாருங்கள். ஒரே கம்பெனிப் பொருளாக இருக்க வேண்டியதில்லை, பொருந்தினால் போதும்.

மூடி மறக்கக்கூடாத பொருள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போனால் 2,257 கிலோஜூலையும் கூட்டிக்கொண்டு போகும். அதைக் கொண்டு 20 டிகிரித் தண்ணீர் ஆறு லிட்டருக்கு மேல் கொதிக்க வைத்திருக்கலாம். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடிய பாத்திரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்தால் அரிசி தன் வெப்பத்திலேயே வெந்துவிடும்.

எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள். காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பனி நிரம்பிய குளிர்ந்த பாத்திரம் சுடரைத் தொட்டாலும் அது கூடும். நம் காடுகளில் வனத்துறை அனுமதியின்றித் தீ மூட்டுவது குற்றம் என்பதையும் கிளம்பும் முன் நினைவில் வையுங்கள்.

டைட்டானியத்துக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் இறுக்கமான மூடியும் சரியான காற்றுத் தடுப்பும் வாங்குங்கள். எடை குறைவது பாத்திரத்தில் மட்டுமல்ல. வீணாகும் எரிபொருளைச் சுமக்காமல் விடுவதிலும்தான்.