கலத்தை ஓட்டாத பாய்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு இங்கிலாந்தின் கழிமுகங்களில் ஒரு விசித்திரமான படகு வர்க்கம் பெருகிற்று. பெரிய கப்பல்களின் பக்கங்களில் தொங்கிக்கொண்டிருந்து, ஆபத்துக் காலத்தில் ஐம்பது அறுபது பேரைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட உயிர்காப்புப் படகுகளை மலிவாக வாங்கி, உள்ளே ஓர் எஞ்சினை வைத்து, மேலே பலகையால் ஓர் அறையும் எழுப்பி, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு கடலோரம் சுற்றிவரப் பலர் அவற்றை மாற்றியமைத்துக்கொண்டார்கள். யோசனை புதிதன்று, ஈ. எஃப். நைட் என்னும் எழுத்தாளர் 1887-ஆம் ஆண்டிலேயே அத்தகைய படகொன்றைத் திருத்தி, ஹாமர்ஸ்மித்திலிருந்து கோபன்ஹேகன் வரை சென்றிருக்கிறார். அவர் பாயை நம்பிப் போனவர். பின்னால் வந்தவர்களோ எஞ்சின் இருக்கும்போது பாய்மரம் எதற்கு என்று அதைக் கழற்றிப் போட்டார்கள். சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அறுபது பேருக்காக அகலமாகக் கட்டிய படகில் நான்கு பேர் ஏறினால் அது தக்கைபோல் மிதக்கும். அகலம் மிகுதி, பாரம் குறைவு, அடியில் ஆழ்ந்த கட்டையும் கிடையாது. ஆகையால் ஒரு பக்கம் சாய்ந்தவுடன் வெடுக்கென்று நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்திலேயே மறுபக்கம் சாய்ந்து, மேஜைமேல் வைத்த தேநீர்க் கோப்பையை மூன்று விநாடிக்கொரு முறை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஓட்டிக்கொண்டிருக்கும். அலைகள் வந்து மோதும் கால இடைவெளியும் படகின் இயல்பான ஆட்டத்தின் கால இடைவெளியும் ஒன்றாகிவிட்டால், ஆட்டம் மேன்மேலும் பெருகும் என்பதை வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கில நிபுணர் 1861-லேயே விளக்கியிருந்தார். பாய்மரம் முறிந்த கப்பல் முன்னைவிடக் கடுமையாக உருளும் என்பதோ மாலுமிகளின் பழைய அநுபவம். உயரத்தில் இருக்கும் கனம் ஆட்டத்தை நிதானப்படுத்துகிறது என்பதே அதன் காரணம்.

இதற்குப் பரிகாரமாகத்தான் கழற்றியெறிந்த பாய்மரம், உருவில் சிறுத்து, வேறோர் உத்தியோகத்துக்குத் திரும்பி வந்தது. படகை நகர்த்துவது இந்தப் பாயின் வேலையன்று. ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதே வேலை.

பனையோலை விசிறியை அகலவாட்டில் வீசும்போது கை உணரும் தடையைப் பாயும் உணர்கிறது என்பது உண்மையே. ஆயினும் அது விஷயத்தில் சிறு பகுதிதான். நீர்மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் 4 சதுர மீட்டர் பாய் இருப்பதாகவும், படகு முன்சொன்னபடி மூன்று விநாடிக்கொரு முறை இருபுறமும் பதினைந்து பாகை சாய்ந்தாடுவதாகவும் வைத்துக்கொண்டால், பாய் அதிகபட்சம் விநாடிக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் வேகத்தில் ஊசலாடும். காற்றில்லாத போது அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பு அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைதான். பக்கத்திலிருந்து விநாடிக்கு 8 மீட்டர் காற்று வீசட்டும்: படகு காற்றை நோக்கிச் சாயும்போது பாய் சந்திப்பது 9.6 மீட்டர் வேகம். விலகிச் சாயும்போது 6.4. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், முதலதில் ஏறத்தாழ 22 கிலோ, இரண்டாவதில் 10 கிலோ. பாய் தன்னை நோக்கி வரும்போது காற்று பலமாகத் தள்ளுகிறது. விலகிப் போகும்போது குறைவாகத் தள்ளி விட்டுக்கொடுக்கிறது. சராசரிக்கு இருபுறமும் 6 கிலோ வீதம் ஆட்டத்துக்கு எதிராக ஒரு கை வேலை செய்வதற்கு இது சமானம். காற்றில்லாத நிலையைவிடப் பத்து மடங்கு.

ஆகவே இந்தப் பாயைக் கனத்த துணியில், குழிவின்றித் தட்டையாகத் தைத்து, அதன் கயிற்றைப் படகின் நடுக்கோட்டை நோக்கி இறுக இழுத்துக் கட்ட வேண்டும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று ஆசைப்படுவது, என் அபிப்பிராயத்தில், அடிக்கனமில்லாத இத்தகைய படகுக்கு ஆபத்து. வைக்கும் இடமும் முக்கியம். நடுவே வைத்தால் சுக்கானுக்குத் தொந்தரவு குறைவு. பின்புறம் வைத்தால் காற்றுத் திசைகாட்டிச் சேவலின் வாலைப்போல் படகின் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். லோஸ்டாஃப்ட், யார்மவுத் துறைமுகங்களின் நீராவி மீன்படகுகள் ஹெர்ரிங் மீனுக்கு வலைவிட்டு இரவில் கிடக்கையில், முன்மரத்தைப் படுக்கவைத்துப் பின்மரத்துப் பாயை மட்டும் விரித்தது இதற்காகவே. 1930-ல் கிங்ஸ்லின்னில் கட்டப்பட்ட ‘லிடியா ஈவா’ அவ்வகையில் இன்றும் எஞ்சியிருப்பது.

காற்று நேர் எதிரிலோ நேர் பின்னாலோ இருந்தால் பயன் சொற்பமே. காற்று ஓய்ந்து, பழைய புயலின் அலை மட்டும் எண்ணெய்போல் உருண்டு வரும் பிற்பகலில், பாய் இப்பக்கமும் அப்பக்கமும் படபடவென்று அறைந்து, மரத்தையே அதிரவைக்கும். அப்போது அதை இறக்கிச் சுருட்டிக் கட்டிவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.